இரு குழந்தைகள் உறங்கும் அறைக்கு எப்படி வண்ணம் பூசலாம்?

மழைத்துளி:
அனைவருக்கும் வணக்கம். ஏழு வயது மகளும் நான்கு வயது மகனும் சேர்ந்து உறங்கும் அறைக்கு அடுத்த மாதம் வண்ணம் பூச இருக்கிறோம். அறை சிறியது; கிழக்கே ஒரே ஒரு சன்னல் இருப்பதால் நண்பகலுக்குப் பிறகு வெளிச்சம் குறைந்துவிடும். நான்கு சுவர்களும் அடர்ந்த கத்தரிப்பூ நிறத்தில் இருக்க வேண்டும் என்று மகள் உறுதியாகச் சொல்கிறாள். மகனோ கையில் கிடைத்த கிரேயானால் சுவரெங்கும் கிறுக்குகிறான். மகளின் ஆசையைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை; ஆனால் அறை இருண்டுவிடுமோ, இரண்டே ஆண்டுகளில் அவளுக்கே சலித்துவிடுமோ என்று தயங்குகிறேன். ஓவியப் பயிற்சி இல்லாத நாங்களே செய்யக்கூடிய யோசனைகள் இருந்தால் சொல்லுங்கள். மகனுக்கு அவ்வப்போது இளைப்பு வருவதால் பெயிண்ட் வாடையைப் பற்றியும் கவலை இருக்கிறது.

பழைய தூரிகை:
வணக்கம் சகோதரி. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெயிண்ட் அடிக்கும் தொழிலில் இருக்கிறேன். மகள் கேட்கும் நிறத்தைக் கைவிட வேண்டாம். அதைப் பூசும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். அடர்நிறம் நான்கு சுவர்களிலும் இருந்தால் ஒரு சுவரில் பட்ட ஒளி எதிர்ச்சுவரில் தெறித்து, சிறிய அட்டையில் பார்த்ததைவிட நிறம் இன்னும் கனமாகத் தெரியும். உங்கள் அறையில் மாலை வேளையில் அது நிச்சயம் இருட்டாகவே இருக்கும்.

நான் பரிந்துரைப்பது மலைத்தொடர். சுவர்களின் மேற்பகுதிக்கும் கூரைக்கும் மஞ்சள் சாயல் கொண்ட வெண்மை பூசிவிட்டு, தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை மூன்று அடுக்கு மலைகளை வரையுங்கள். அதற்கு மூன்று டப்பாக்கள் வாங்க வேண்டியதில்லை. அந்த ஒரே கத்தரிப்பூ நிறத்தில் அதே வகை வெள்ளையைக் கலந்தால் போதும். தொலைவிலுள்ள மலை நமக்கு வெளிறித் தெரிவதற்கு இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்பதால், மேலே உள்ள அடுக்கு மிக வெளிறியும் கீழே உள்ளது கலப்பில்லாத அடர்நிறத்திலும் இருந்தால் சிறிய அறைக்கும் ஓர் ஆழம் கிடைத்துவிடும். மலை முகட்டை நேர்க்கோடுகளாக வைத்துக்கொண்டால் ஓவியப் பயிற்சியே தேவையில்லை. மாஸ்கிங் டேப்பை ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் சுவரின் வெள்ளையையே ஒரு முறை தடவி உலர விடுங்கள். டேப்பின் அடியில் உள்ள இடுக்குகளை அது அடைத்துவிடுவதால், பிறகு பூசும் ஊதா கசியாமல் கோடு கத்தியால் வெட்டியதுபோல் நிற்கும். கடைசிக் கோட் முழுவதும் காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிட வேண்டும்.

கீழ்ப்பகுதிக்குத் துடைக்கத்தக்க சாட்டின் வகையையும் மேலே மினுமினுப்பில்லாத மேட் வகையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சாட்டினின் மினுமினுப்பு சுவரின் மேடுபள்ளங்களைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், அந்த ஒரு மீட்டருக்கு மட்டுமாவது பட்டியும் (மேடுபள்ளங்களைச் சமன்செய்யும் பூச்சு) உப்புத்தாளும் நன்றாகப் போட்டாக வேண்டும்.

நிலாமுற்றம்:
என் மகன் ஐந்து வயதில் ஆசைப்பட்டான் என்று ஒரு கார்ட்டூன் பாத்திரத்தைச் சுவர் முழுக்க வரைந்தோம். ஒன்றரை ஆண்டில் அவன் அதைத் திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான். அதை மறைக்க இரண்டு கோட் அடித்தும் கறுப்பு எல்லைக்கோடுகள் மங்கலாக மேலெழும்பின. உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து, மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. எனவே பாத்திரங்களை வேண்டாம் என்பேன். மலையும் மேகமும் பன்னிரண்டு வயதிலும் பழையதாகத் தோன்றாது.

உங்கள் மகனுக்கும் ஒரு பங்கு கொடுங்கள். ஸ்பாஞ்சைப் பறவை வடிவில் வெட்டி, பெயிண்டில் தொட்டு, பழைய செய்தித்தாளில் ஒரு முறை அழுத்தி அதிகப்படியானதை நீக்கிவிட்டுச் சுவரில் ஒற்றச் சொல்லுங்கள். நான்கு வயதுக் குழந்தைக்கு அது நன்றாகவே வரும்.

வெண்கட்டி:
கிறுக்கும் குழந்தைக்குக் கரும்பலகை பெயிண்ட் பொருத்தமாக இருக்கும். கதவின் கீழ்ப்பாதியில் இரண்டு மூன்று கோட் அடித்து, குறைந்தது 3 நாள் உலர விட்டு, முதலில் சாக்பீஸைப் படுக்கவைத்து முழுப்பரப்பிலும் தேய்த்துத் துடைத்துவிட வேண்டும். இல்லையென்றால் முதன்முதலில் வரையும் படத்தின் தடம் அழியாமல் தங்கிவிடும்.

பழைய தூரிகை:
நல்ல யோசனைதான், ஐயா. ஆனால் இளைப்பு உள்ள குழந்தை உறங்கும் அறையில் சாக்பீஸ் தூள் படிவதை நான் விரும்பமாட்டேன். மலைக்கு நடுவே ஒரு கட்டையைப் பொருத்தி, அதில் காகிதச் சுருளை மாட்டி வைத்தால் அதே இன்பம் தூளின்றிக் கிடைக்கும்.

வாடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் (பூச்சிலிருந்து ஆவியாகிக் காற்றில் கலக்கும் வேதிப்பொருள்கள்) குறைந்த, நீர் கலந்து பூசும் எமல்ஷனையே வாங்குங்கள். வாடை போய்விட்டது என்பதால் ஆவி வெளியேறுவது நின்றுவிட்டதாகப் பொருள் இல்லை. ஆகவே சன்னலைத் திறந்து வைத்து, சில நாள்கள் குழந்தைகளை வேறு அறையில் உறங்க வையுங்கள். வீடு பழையது என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தையின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். தீங்கற்றது என்று அறியப்பட்ட ஈய அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அப்படியொரு ஐயம் இருந்தால் பரிசோதித்துப் பார்க்காமல் பழைய பூச்சை உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது.

விண்மீன்:
எல்லோரும் சுவரைப் பற்றியே பேசுகிறோம். படுத்திருக்கும் குழந்தை பார்ப்பது கூரையை அல்லவா? இருளில் ஒளிரும் பெயிண்டால் கூரையில் உண்மையான விண்மீன் கூட்டங்களைப் புள்ளிகளாக வையுங்கள். பகலில் அவை ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாது. விளக்கை அணைத்ததும் ஒளிர்ந்து, சிறிது சிறிதாக மங்கும். ஓரியனின் இடுப்பில் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களும், சப்தரிஷி மண்டலத்தின் ஏழும் தொடக்கத்துக்கு எளிது. விண்மீன் வரைபடத்தில் வடக்கு மேலே இருந்தால் கிழக்கு இடப்பக்கம் இருக்கும்; அண்ணாந்து பார்ப்பவருக்காக வரையப்பட்டது என்பதால் அதைத் திருப்பிப் போடாமல் அப்படியே கூரையில் எடுத்து வரையலாம்.

மழைத்துளி:
அனைவருக்கும் மிக்க நன்றி. மலைத்தொடரை மகளிடம் ஒரு தாளில் வரைந்து காட்டினேன். கத்தரிப்பூ நிறம் கட்டிலை ஒட்டியே இருக்கும் என்றதும் சம்மதித்துவிட்டாள். நிறம் கலக்கும் வேலையைத் தனக்கே தர வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே நிபந்தனை. கூரையில் ஓரியனும் உண்டு. வீடு பழையது என்பதால் பெயிண்டைப் பரிசோதித்த பிறகே வேலையைத் தொடங்குவோம்.

பழைய தூரிகை:
மகளே கலக்கட்டும். ஆனால் ஒவ்வொரு சாயலையும் தேவைக்குச் சற்று அதிகமாக ஒரே தடவையில் கலந்துவிடுங்கள். பாதியில் தீர்ந்துபோனால் அதே நிறத்தை மறுபடி பிடிப்பது எனக்கே கடினம். மீதியை இறுக மூடி, எந்த மலைக்கு உரியது என்று மூடியில் எழுதி வைத்தால், தம்பி கிறுக்கிய இடத்தைப் பிறகு சரிசெய்ய உதவும்.