எட்டு போட இருபது வளைவு இறங்கினேன்

நான் இருப்பது ஏற்காட்டில், நாகலூர் பக்கம். பைக் லைசென்ஸுக்கு முதலில் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வாங்கியதில் ஒரு சிக்கலும் இல்லை. அது கைக்கு வந்து 30 நாள் ஆன பிறகுதான் டெஸ்ட்டுக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் முடித்தும் விட வேண்டும். நிறைய நாள் இருக்கிறதே என்று மெத்தனமாக இருந்துவிட்டேன். பிறகு ஸ்லாட் போடப் போனால் காலண்டர் முழுக்க நிரம்பிக் கிடந்தது. ஆறு வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமை கிடைத்தது.

அன்று விடியற்காலை முதல் பஸ் பிடித்து, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போனேன். வண்டி டிரைவிங் ஸ்கூலுடையது. மலை ரோட்டில் ஓட்டிப் பழகியவனுக்கு மைதானத்தில் எட்டு வரவில்லை. இரண்டாவது சுற்றில் கால் ஊன்றிவிட்டேன், அவ்வளவுதான். ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம் என்பது சட்டம். காலண்டரோ ஐந்து வாரம் என்றது. எல்.எல்.ஆர். முடிய அப்போது ஆறு வாரம்தான் பாக்கி.

அன்று காலை பெயர் கூப்பிட்டதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பத்துப் பதினைந்து பெயருக்குப் பதிலே இல்லை. அந்த இடங்கள் எல்லாம் வீண். ஊரில் அவசரம் வந்திருக்கலாம், தப்பு சொல்லவில்லை. ஸ்லாட் போடும் சாரதி இணையதளத்திலேயே ரத்து செய்ய வழி இருக்கிறது, யார் செய்கிறார்கள்? முதல் நாள் ராத்திரி 'நாளைக்கு வருகிறீர்களா' என்று ஒரு எஸ்.எம்.எஸ். போதுமே. 'இல்லை' என்று பதில் வந்தால் அந்த இடம் ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நகர்வது மாதிரி அடுத்தவருக்குப் போகட்டும். இன்ஸ்பெக்டரும் மைதானமும் அதேதான், ஆனால் தினமும் பத்துப் பேர் கூடுதலாக முடிப்பார்கள்.

டிரைவிங் ஸ்கூல் அண்ணன்தான் வழி சொன்னார். "தம்பி, யாராச்சும் விட்டா அந்த தேதி திரும்ப வருங்க. படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒருதரம் பாத்துக்கோங்க." எங்கள் வீட்டில் சிக்னல் மொட்டை மாடியில் மட்டும்தான். பனியில் போர்வையோடு நின்று பதினோரு நாள் பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் அடுத்த திங்கள்கிழமை ஒரு இடம் காலியாகத் தெரிந்தது. விரல் நடுங்க அழுத்தினேன்.

இந்த முறை கால் ஊன்றவில்லை. திரும்பும்போதும் பஸ்தான், ஜன்னலோர சீட்.