கலைச்சொல் வேண்டும்: தோற்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம்

பொருள்: கலைச்சொல் வேண்டும்: தோற்ற பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டம்

குழுவினருக்கு வணக்கம்.

பழைய கணினிச் சாகச விளையாட்டுகளில் இன்றைக்கும் எடுத்து ஆடத் தக்கவை எவை என்று ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் சொல்லும் நாலைந்து பெயர்களை ஒதுக்கிவிட்டு, வந்த காலத்தில் விற்காமல் போனவை, பிறகு மறக்கப்பட்டவை பக்கம் போகலாம் என்று எண்ணம். புதிர், சேமிப்பு (ஆட்டத்தை விட்ட இடத்தில் பதிந்துவைப்பது), தட்டச்சுக் கட்டளை என்று பெரும்பாலான சொற்களில் சிக்கல் இல்லை. பாத்திரம் தூக்கிக்கொண்டு திரியும் பொருள்களுக்குக் 'கைப்பொருள்' என்று எழுதிவிட்டேன். அதற்கு யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஓர் இடத்தில் மட்டும் பேனா நகரவில்லை. 1990இல் வந்த 'கிங்ஸ் குவெஸ்ட் 5'இல் அடுமனையில் ஒரு கஸ்டர்டு பை வாங்குகிறோம் (தின்கிற பை, சுமக்கிற பை அல்ல). பிறகு பனிமலை ஏறும்போது பாத்திரத்துக்குப் பசி வருகிறது. பையைக் கொடுத்தால் தின்கிறது, பசி தீர்கிறது, ஆட்டம் நல்லபடியாகவே நகர்கிறது. கொஞ்ச தூரம் தாண்டியதும் யெட்டிப் பனிமனிதன் பாய்ந்து வருகிறான். அவன் முகத்தில் விட்டெறிய வேண்டிய பொருள் அந்தப் பைதான். தின்றவர் கதி அதோகதி. பசிக்குத் தின்ன வேண்டியது வேறொன்று என்பது அதுவரை தெரியாது.

தின்ற கணத்திலேயே ஆட்டம் தோற்றுவிட்டது. திரையில் தோல்வி வரவில்லை, இசை மாறவில்லை, எச்சரிக்கையும் இல்லை. தோற்றுவிட்டோம் என்று தெரியாமலே ஆடிக்கொண்டிருக்கும் இந்த நிலைக்குத் தமிழில் என்ன சொல்வது? கட்டுரையில் பதினைந்து இடத்திலாவது வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு முழு வாக்கியம் எழுதி மாளவில்லை.

———

பொருள்: மறு: கலைச்சொல் வேண்டும்

> தோற்றுவிட்டோம் என்று தெரியாமலே ஆடிக்கொண்டிருக்கும் இந்த நிலைக்கு

முட்டுச்சந்து. இதற்கு ஏன் இத்தனை யோசனை? படித்தவுடன் புரியும். ஆங்கிலத்தில் ஆடுபவர்களும் இதே உருவகத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். 'வெல்லவியலா நிலை' என்றும் எழுதலாம், ஆனால் அதில் மொழிபெயர்ப்பு வாடை. என் வாக்கு முட்டுச்சந்துக்கு.

———

பொருள்: மறு: மறு: கலைச்சொல் வேண்டும்

> முட்டுச்சந்து. இதற்கு ஏன் இத்தனை யோசனை?

நண்பரே, நல்ல சொல்தான். இந்த இடத்துக்குப் பொருந்தாது என்பதே என் வழக்கு.

முட்டுச்சந்தில் சுவர் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடலாம். அதிகம் போனால் பத்து நிமிட நடை வீண். நம் ஆட்டக்காரருக்கோ சுவரே கிடையாது. தெரு அகலமாக, வெளிச்சமாக, முன்னால் நீண்டுகொண்டே போகிறது. அடுத்த ஊர் வருகிறது, புதிய ஆட்கள் பேசுகிறார்கள், புதிர்கள்கூட அவிழ்கின்றன. அந்தத் தெரு போய்ச் சேரும் ஊர்தான் இல்லை.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. இந்த வகைக்கே பெயர் தந்த 'கொலோசல் கேவ் அட்வெஞ்சர்' (வில் கிரவுதர் 1970களின் நடுவில் எழுதியது, டான் வுட்ஸ் 1977இல் விரித்தது) முழுக்கக் குகைப் பாதைகள். அதில் 'முட்டுச்சந்து' என்று மட்டுமே விவரிக்கப்படும் அறைகள் பல உள்ளன. கொள்ளைக்காரன் தன் பெட்டியை ஒளித்து வைத்திருப்பதே அப்படி ஒன்றில்தான். அங்கே போய் முட்டுபவருக்குக் கிடைப்பது புதையல்! அதே விளையாட்டில் நாம் பேசும் நிலையும் இருக்கிறது. கையிலுள்ள விளக்கின் மின்கலம் அளவானது. தொடக்கத்தில் வழி தெரியாமல் அதிகம் சுற்றிவிட்டால், விளக்கு மங்கத் தொடங்கும்போது பாதிப் புதையல்கூடக் கைக்கு வந்திருக்காது. ஒரே கட்டுரையில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாசகர் குழம்புவார். முட்டுச்சந்தை வரைபடத்துக்கு விட்டுவிடுவோம்.

இந்த நிலையின் உயிர் காலத்தில் இருக்கிறது. தவறு ஒரு நேரத்தில், தண்டனை வேறொரு நேரத்தில். டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரெட்ஸ்கியும் சேர்ந்து 1984இல் செய்த 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி'யைப் பாருங்கள். வீட்டு வாசலில் வேண்டாத விளம்பரக் கடிதங்கள் ஒரு குவியலாகக் கிடக்கும். பெயரே குப்பை என்று சொல்வதால் யாரும் தொடமாட்டார்கள். சற்று நேரத்தில் வீடு போகும், பிறகு பூமியே போகும். அப்புறம் விண்கலத்தில் ஒரு பொறி மீன் ஒன்றைத் துப்பும், அதைப் பிடிக்கும் புதிரின் கடைசிக் கண்ணி அந்தக் கடிதக் குவியல். இல்லாத பூமிக்கு எப்படித் திரும்புவது? இதில் ஓர் அழகும் இருக்கிறது என்பேன். அண்டத்துக்கு நம் மேல் அக்கறை இல்லை என்பதுதான் அந்தக் கதையின் நகைச்சுவையே. அங்கே தோல்விகூடக் கதையோடு ஒட்டி வருகிறது. பனிமலைப் பைக்கு அந்தச் சமாதானமும் கிடையாது.

எனக்கே ஒருமுறை நேர்ந்தது. விளையாட்டின் பெயர் வேண்டாம். மூன்று வாரம் ஒரே கதவின் முன் நின்றேன். கைப்பொருள் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் தேய்த்துப் பார்த்தேன். கடைசியில் தீர்வுக் குறிப்பைத் திறந்தால், முதல் அத்தியாயத்தில் நான் கடந்துபோன அலமாரி ஒன்றில் ஒரு கம்பி. எரிச்சல் கம்பியைத் தவறவிட்டதற்கு அல்ல. அந்த மூன்று வாரமும் நான் புதிர் அவிழ்த்துக்கொண்டிருந்தேன் என்று நம்பினேனே, அதற்கு!

ஆக, சொல்லில் இரண்டு செய்தி வேண்டும். ஒன்று, தோல்வி ஏற்கெனவே நடந்தாயிற்று. இரண்டு, அது கண்ணில் படவில்லை.

ஆங்கில ரசிகர்கள் இப்படி ஆடுபவரை, செத்தும் நடந்துகொண்டிருப்பவர் என்பார்கள். நமக்கு அது ஆயத்தமாகவே இருக்கிறது: நடைப்பிணம். முதலில் அதையே போடலாமா என்று பார்த்தேன். ஆனால் நடைப்பிணம் ஆளைக் குறிக்கும், நிலையைக் குறிக்காது. 'நடைப்பிண நிலை' என்று நீட்டினால் பேய்க்கதை ஆகிவிடுகிறது. தவிர, தமிழில் நடைப்பிணம் என்றால் வாழ்க்கையில் பிடிப்பற்றுத் திரிபவர். நம் ஆட்டக்காரர் அப்படியா? அவ்வளவு உற்சாகமாக அலமாரி அலமாரியாகத் திறந்துகொண்டிருக்கிறார், பாவம்.

'மறைதோல்வி' என்று அடுத்து எழுதிப் பார்த்தேன். ஆனால் மறைதல் என்பது இல்லாமல் போவதையும் குறிக்கும். மறைந்த தோல்வி என்றால் நீங்கிப்போன தோல்வி என்று நேர் எதிராகவும் படிக்கலாம்.

புதைதோல்வி. இதுதான் என் முன்மொழிவு. புதைகுழி, புதைமணல், புதைபொருள் என்று புதை- வரிசை எல்லோருக்கும் பழக்கம். மண்ணுக்குள் இருப்பது, இருப்பது தெரியாதது, பிறகு ஒரு நாள் தோண்டும்போது அகப்படுவது. தோல்வியும் அப்படித்தான் அகப்படுகிறது.

உங்கள் கட்டுரைக்கு வேறொரு விதத்திலும் இது உதவும். புதைதோல்வி இல்லாத விளையாட்டுகள் எவை என்று தனியே பேசலாம். பழைய விளையாட்டை இன்று முதல்முறையாக எடுப்பவர் பாதியில் விடுவதற்குப் படத்தின் கரடுமுரடு காரணமில்லை, இந்தப் பயம்தான் காரணம் என்பது என் எண்ணம். ரான் கில்பர்ட் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்று சாகச விளையாட்டுகளின் குற்றங்களை அடுக்கியது. 'எடுக்க மறந்துவிட்டேன்' என்பது அதில் ஒரு குற்றத்தின் தலைப்பு. அடுத்த ஆண்டு அவர் செய்த 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' நாயகன் நீருக்கடியில் பத்து நிமிடம் மூச்சடக்குவான். சாக வேண்டுமென்றால் நாம் வேலைமெனக்கெட்டு பத்து நிமிடம் அங்கேயே நிற்க வேண்டும்.

அது புகழ்பெற்றது, உங்கள் பட்டியலில் வராது. வர வேண்டியது அதே ஆண்டு பிரையன் மோரியார்ட்டி செய்த 'லூம்'. கட்டளைக்கான வினைச்சொல் பட்டியல் இல்லை, கைப்பொருள் இல்லை, சாவும் இல்லை. நெசவாளர் குலத்துச் சிறுவன் கையில் நூற்கும் கோல் ஒன்று மட்டும். நான்கு சுரங்களை வாசித்தால் ஒன்று நடக்கும், அதையே பின்னிருந்து வாசித்தால் அதன் மறுதலை நடக்கும். திறப்பது மூடும். இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் இந்த விளையாட்டைப் பற்றி எழுதக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நெசவே மந்திரமாகவும் மந்திரமே பாட்டாகவும் இருக்கும் உலகத்தை விளக்க, ஆங்கிலத்தில் எழுதுபவர் ஒரு பத்தி செலவழிப்பார். நமக்கு ஒரு சொல் போதும்.

இன்னொன்று, ஜோர்டன் மெக்னரின் 'தி லாஸ்ட் எக்ஸ்பிரஸ்'. 1997இல் வந்தது, விற்கவில்லை. 1914 ஜூலையில் பாரிஸிலிருந்து கான்ஸ்டாண்டிநோபிளுக்குப் போகும் ரயில். முதலாம் உலகப் போர் வாசலில் நிற்கிறது, ஆனால் உணவுப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் அது தெரியாது. கடிகாரம் நிஜத்தைவிட ஆறு மடங்கு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் ஒரு பெட்டியில் ஒட்டுக்கேட்கும்போது வேறொரு பெட்டியில் வேறொரு பேச்சு நடந்து முடிந்துவிடும். இப்படிப்பட்ட அமைப்பில் புதைதோல்வி மலிந்து கிடக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் மெக்னரின் கெட்டிக்காரத்தனம். வழக்கமான சேமிப்புக்குப் பதிலாக ஒரு கடிகாரத்தை வைத்தார். தோற்றால், சரிசெய்ய இன்னும் இடமிருக்கும் நேரத்துக்கு அது பின்னோக்கிச் சுழலும். தோல்வி எங்கே புதைந்திருக்கிறது என்பதை விளையாட்டே தோண்டிக் காட்டிவிடுகிறது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் இதைவிட நேர்த்தியான மருந்தை நான் பார்க்கவில்லை.

———

பொருள்: மறு: மறு: மறு: கலைச்சொல் வேண்டும்

தம்பி, புதைதோல்வி நன்று. ஒரே ஒரு வேண்டுகோள்: நாளைக்கு யாரும் 'புதைத்தோல்வி' என்று ஒற்றுப் போட்டு எழுதிவிடாதீர்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு, புதைகுழி போல இதுவும்.

புதைமணலில் புதைவது நாம், புதைதோல்வியில் புதைந்திருப்பது தோல்வி, எனவே ஒப்புமை சரியில்லை என்று யாராவது கிளம்பக்கூடும். வினைத்தொகை அந்த நெகிழ்வைத் தரும். புதைபொருளில் புதைந்திருப்பதும் பொருள்தான்.

———

பொருள்: மறு: மறு: மறு: கலைச்சொல் வேண்டும்

சொல்லை ஏற்கிறேன், எல்லையை வரையறுக்காமல் ஏற்க மாட்டேன்.

எழுத்துவடிவ விளையாட்டுகளைச் செய்யும் ஆண்ட்ரூ பிளாட்கின் 1996இல் ஒரு கொடுமை அளவுகோல் தந்தார். ஐந்து படிகள். முதல் படியில் மாட்டிக்கொள்ளவே முடியாது. இரண்டாவதில் மாட்டிக்கொண்டால் அப்போதே தெரிந்துவிடும். மூன்றாவதில் மீள முடியாத காரியம் செய்யப்போகிறோம் என்று செய்வதற்கு முன்பே தெரியும். நான்காவதில் செய்த பிறகு தெரியும். ஐந்தாவதில் செய்த பிறகும் தெரியாது.

புதைதோல்வி என்ற சொல் ஐந்தாம் படிக்கு மட்டுமே பொருந்தும். நான்காம் படியில் தோல்வி மண்ணுக்கு மேலேதான் கிடக்கிறது. பாலம் இடிந்துவிட்டது, நாம் தவறான கரையில் நிற்கிறோம், தெரிகிறது. அதையும் புதைதோல்வி என்றால் 'புதை'க்கு வேலையில்லை. ஆகவே பொதுச்சொல்லாக வெல்லவியலா நிலையை வைத்துக்கொண்டு, அதன் கொடிய வகைக்குப் புதைதோல்வி என்போம். வாடை அடித்தாலும் பொதுச்சொல் வேண்டும்.

எல்லையில் நிற்கும் ஒன்று: 'ஸோர்க்' என்ற எழுத்துவடிவ விளையாட்டில் நகை பதித்த முட்டை கிடைக்கும். நமக்கு அதைச் சேதமில்லாமல் திறக்கத் தெரியாது, திருடனுக்குத் தெரியும். அவனிடம் முட்டை போய்ச் சேருமுன் அவனைக் கொன்றுவிட்டால் உள்ளே இருக்கும் பறவை உருப்படியாகக் கிடைக்காது, முழு மதிப்பெண்ணான 350உம் எட்டாது. ஆனால் திருடனைக் கொல்வது எந்தச் சாகசக்காரருக்கும் வெற்றியாகத்தானே படும்? தோல்வி வெற்றியின் வேடத்தில் வந்தாலும் புதைதோல்வியா?

———

பொருள்: மறு: மறு: மறு: மறு: கலைச்சொல் வேண்டும்

என் பார்வையில் அதுதான் புதைதோல்வியிலேயே ஆழப் புதைந்தது. பையைத் தின்றவருக்குச் சின்ன உறுத்தலாவது இருந்திருக்கும். திருடனைக் கொன்றவர் கொண்டாடுகிறார்.

எல்லைப் பிரிப்பையும் ஐயா சொன்ன ஒற்றையும் (ஒற்று இல்லாமையையும்) எடுத்துக்கொண்டேன். சொற்பட்டியலில் இப்படிப் போகிறது:

வெல்லவியலா நிலை: ஆட்டம் நின்றுவிடாமல் இருந்தும், இனி எது செய்தாலும் முடிவை எட்ட முடியாத நிலை.

புதைதோல்வி: வெல்லவியலா நிலைக்குள் போனது ஆடுபவருக்குத் தெரியாமலே ஆட்டம் தொடர்வது. 'இந்த விளையாட்டில் புதைதோல்வி உண்டு, பழைய சேமிப்புகளை அழிக்காதீர்கள்' என்பது போல ஆளலாம்.

முட்டுச்சந்து: வரைபடத்தில் மேற்கொண்டு வழியில்லாத இடம். தோல்வி அல்ல. அங்கே பெட்டி இருக்கிறதா என்று பார்க்கவும்.

'லூம்' பகுதியை நூலில் தொடங்கித் திருப்பி எழுதுகிறேன். 'லாஸ்ட் எக்ஸ்பிரஸ்' பகுதியில் அந்தப் பின்சுழலும் கடிகாரத்துக்கு ஒரு சொல் தேவைப்படும்போலத் தெரிகிறது. அதற்குத் தனி இழை திறக்கிறேன், இதிலேயே பதில் போட்டுவிடாதீர்கள்.