மலையில் குவித்து வைத்த மான் கொம்புகளை உடன் வந்தவரே எடுத்துச் சென்றால் அது திருட்டு ஆகாதா?

கேள்வி: வேளச்சேரி மீனா

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி அமெரிக்காவில் டென்வர் நகரில் வேலை பார்க்கிறான். ஆண் எல்க் மான்கள் ஆண்டுதோறும் குளிர்காலம் முடியும் தறுவாயில் கொம்புகளை உதிர்த்துவிடும். அவற்றை மலைகளில் தேடிப் பொறுக்குவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்கு வருமானம். தம்பிக்கும் அந்த ஆர்வம் வந்தது. அவனுடன் வேலை பார்க்கும் மயிலாப்பூர்க்காரர் ஒருவரையும் அவனே அழைத்துச் செல்லத் தொடங்கினான்.

கடந்த மே மாதம், தம்பி முன்பே பார்த்து வைத்திருந்த ஒரு சரிவில் நிறையக் கொம்புகள் கிடைத்தன. எல்லாவற்றையும் ஒரே நாளில் சுமந்து இறக்க முடியாததால், ஒரு பகுதியை ஜூனிப்பர் மரத்தடியில் அடுக்கி, மேலே காய்ந்த கிளைகளைப் போட்டு மூடிவிட்டு, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசிக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த வாரம் உடம்பு சரியில்லை என்று நண்பர் வரவில்லை. தம்பி தனியாகப் போய்ப் பார்த்தபோது கிளைகள் ஒருபுறம் ஒதுக்கிப் போடப்பட்டிருந்தன. கொம்பு ஒன்றுகூட இல்லை.

சில நாட்கள் கழித்து இணையத்தில் ஒரு விற்பனைப் பக்கத்தில் அந்த நண்பர் போட்டிருந்த படத்தில் தம்பி ஒரு கொம்பை அடையாளம் கண்டான். அதன் நான்காவது கிளையின் நுனி, மான் உயிரோடு இருக்கும்போதே உடைந்து, தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். அதன் ஜோடிக் கொம்பு தம்பி வீட்டில் இருக்கிறது. கேட்டதற்கு நண்பர், “காட்டில் கிடக்கும் எலும்புக்கு யார் சொந்தக்காரர்? சுமந்து இறக்கியவனுக்குத்தான் அது” என்று சொல்லிவிட்டார். இரண்டு குடும்பங்களும் இங்கே பழக்கமானவை. அவருடைய அம்மாவிடம் போய்ப் பேசு என்று என் அம்மா என்னை வற்புறுத்துகிறார். இது திருட்டுதானா? அந்த அம்மாவிடம் பேசுவது முறையா?

பதில்: பாரிமுனை வழக்கறிஞர்

டென்வர் இருக்கும் கொலராடோ மாநிலத்தின் சட்டத்தைப் பற்றி அங்குள்ள வழக்கறிஞர்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனாலும் நம் நாட்டுச் சட்டம் இதே சிக்கலை எப்படி அணுகுகிறது என்பது உங்களுக்கு உதவலாம். திருட்டு என்ற குற்றத்துக்கு அடிப்படை, பொருள் யாருக்குச் சொந்தம் என்பதைவிட அது யார் கைவசம் இருந்தது என்பதே. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவில் தந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று, நெடுஞ்சாலையில் யார் கைவசமும் இல்லாமல் கிடக்கும் மோதிரத்தைப் பற்றியது. அதை எடுப்பவர் திருட்டுக் குற்றம் செய்தவர் ஆவதில்லை. வேறு குற்றம் செய்தவராக இருக்கலாம்.

மலையில் உதிர்ந்து கிடந்தவரை அந்தக் கொம்பு யார் கைவசமும் இல்லை என்று வாதிடலாம். ஒருவர் அதை எடுத்து, அடுக்கி, மூடி, திரும்பி வருவேன் என்று சொல்லிச் சென்ற பிறகு அந்த வாதம் மிகவும் பலவீனமாகிவிடுகிறது. அதிலும் அந்தச் சொல்லை நேரில் கேட்டவரே அப்படி வாதிடுவது எடுபடாது. இன்னொரு பக்கத்தையும் நீங்கள் யோசிக்க வேண்டும். நண்பரும் அன்று உடன் நடந்து, தேடி, அடுக்கியவர் என்றால் அந்தக் குவியலில் அவருக்கும் பங்கு இருக்கலாம். அப்படியானால் இருவருக்கும் பொதுவானதை ஒருவர் முழுவதுமாக எடுத்துக்கொண்டார் என்பதே உங்கள் குறையாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுமானின் கொம்பு அரசின் சொத்து. தம்பி விடுமுறைக்கு வரும்போது நினைவுப் பொருளாக ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு வர நினைத்தால், சுங்கத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு அனுமதி பெறாமல் செய்ய வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: தாம்பரம் மலையேறி

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது நானும் இந்தத் தேடலில் ஈடுபட்டிருக்கிறேன். சகோதரி, உங்கள் தம்பி இழந்தது கொம்பைவிடப் பெரியது என்று நினைக்கிறேன். எல்க் மான்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் அதே குளிர்கால மேய்ச்சல் பகுதிக்குத் திரும்பி வருகின்றன. அதனால் நல்ல ஒரு சரிவைக் கண்டுபிடித்தவருக்கு அது பல ஆண்டுகளுக்குப் பயன் தரும். அதை இன்னொருவருக்குக் காட்டினால் பிறகு திரும்ப வாங்க முடியாது. பின்னால் தெரியும் மலைமுகடு படத்தில் விழுந்துவிட்டால் அதை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதற்காக, கொம்பைத் தரையை ஒட்டி மட்டும் படம் எடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போட்டி இவ்வளவு கடுமையாக இருப்பதற்கு விதிகளும் ஒரு காரணம். ஆனால் அந்த விதிகள் தேவையானவை. குளிர்காலத்தின் கடைசியில் மான்கள் உடலில் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் தீர்ந்து மெலிந்திருக்கும். அந்த நேரத்தில் ஆட்கள் விரட்டினால், குறிப்பாகச் சினை மான்கள் பெரிதும் பாதிக்கப்படும். அதனால் கொலராடோவில் 25ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பொது நிலங்களில் 2018 முதல் ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கத் தடை இருக்கிறது. வயோமிங்கின் மேற்குப் பகுதியிலும் மே 1 அன்றுதான் தொடங்கலாம். 2024 முதல் வெளிமாநிலத்தவர் அதற்கும் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். இவற்றையெல்லாம் மதித்து மே மாதம் வரை பொறுத்திருந்தவரின் குவியலைத்தான் அந்த நண்பர் எடுத்துச் சென்றிருக்கிறார். எனக்கு அதுதான் மிகவும் வருத்தமாக இருக்கிறது.

ஜோடி என்று நீங்கள் எழுதியது முக்கியமான விஷயம். கொம்புகளை எடைக்கு விற்கும்போது புதிதாக விழுந்த பழுப்பு நிறக் கொம்புக்கு ஒரு விலை, வெயிலில் வெளுத்ததற்கு அதைவிடக் குறைவு, சுண்ணாம்புபோல் வெடித்து உதிர்வதற்கு இன்னும் குறைவு. ஒரே மானின் இடமும் வலமும் சேர்ந்த ஜோடிக்கோ தனி மதிப்பு. பிரிந்த ஜோடியால் இருவருக்கும் நட்டம் என்பதால், பேச்சை அங்கிருந்து தொடங்குவது எளிது.

நம் ஊர்க் கரைவலையில் வலைக்காரருக்கு எவ்வளவு, இழுப்பவர்களுக்கு எவ்வளவு என்பதைக் கடலில் இறங்குவதற்கு முன்பே பேசி முடித்துவிடுகிறார்கள். மலைக்குப் போகிறவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். முதலில் பார்த்தவருக்கா, முதலில் கையில் எடுத்தவருக்கா, அல்லது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து மாலையில் எடைபோட்டுப் பிரிப்பதா என்பதை வண்டியை நிறுத்தும் இடத்திலேயே பேசிக்கொள்ளும் குழுக்களில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை.

பதில்: அடையாறு வாசகி

மீனா, அந்த அம்மாவிடம் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளிநாட்டில் இரண்டு இளைஞர்களுக்குள் நடந்ததை இங்கே இரண்டு அம்மாக்கள் பேசினால், அடுத்த கல்யாண வீட்டில் ஊரே அதைப் பேசும். அதன் பிறகு அந்த நண்பர் மன்னிப்புக் கேட்க நினைத்தாலும் அவரால் முடியாது. அவர் மகனைத் திருடன் என்று நீங்கள் சொல்வதை எந்தத் தாயும் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

மேலே எழுதிய ஐயாவிடம் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. பங்கைப் பேசி முடித்தால் சண்டை வராது என்கிறார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு முன்னதாகவே தனியாக மலையேறியவர், பங்கு பேசியிருந்தாலும் அதையே செய்திருப்பார். எனக்கு உறுத்துவது அந்தப் பொய்தான்.

கிண்டி தேசியப் பூங்காவிலும் ஐ.ஐ.டி. வளாகத்திலும் உதிரும் புள்ளிமான் கொம்புகளை எலி போன்ற கொறிக்கும் பிராணிகள் சுண்ணாம்புச் சத்துக்காகக் கடித்துத் தின்னும்; மான்களேகூட மெல்லும். காட்டில் கிடக்கும் கொம்பு எதற்கும் பயன்படாமல் வீணாகிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். உங்கள் தம்பியும் இனி சிலவற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தால் எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி கேட்டவர்: வேளச்சேரி மீனா

மூவருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயா சொன்னபடி தம்பியிடம் கேட்டேன். பங்கைப் பற்றி இருவரும் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லையாம். நண்பர் அன்று நாள் முழுவதும் உடன் நடந்து தேடியதும் உண்மைதான் என்கிறான். ஆகவே குவியலில் பாதி அவருக்குச் சேரும் என்று தம்பியே ஒப்புக்கொள்கிறான். உடைந்த நுனிக் கொம்பையும் மீதியில் பாதியையும் தரும்படி அவருக்கு நேரடியாக எழுதப் போகிறான். தன்னிடமிருக்கும் ஜோடிக் கொம்பின் படத்தையும் அதோடு அனுப்புவான். பதில் எப்படி வந்தாலும் அந்தச் சரிவுக்கு இனி அவரோடு போவதில்லை என்று முடிவு செய்துவிட்டான். என் அம்மாவிடம் இன்று இரவு நான் பேசுகிறேன். மயிலாப்பூருக்கு நாங்கள் யாரும் போகப்போவதில்லை.