வெண்பொருள் பாதிப்பு: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். கிராமச் செவிலியர் கையேடு அச்சுக்குப் போகிறது. குளிருக்குக் கதவைச் சாத்திவிட்டுக் கும்முட்டியில் கரியை மூட்டித் தூங்குகிறவர்களைப் பற்றிய பக்கம் மட்டும் பாக்கி. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆள் பிழைத்து வீட்டுக்குப் போவார், நன்றாகத்தான் இருப்பார். சில நாளோ சில வாரமோ கழித்துச் சிலருக்கு மறதி, தடுமாறும் நடை, சிறுநீர் அடங்காமை. மூளையின் உட்பகுதியில், வெண்பொருள் (white matter) என்கிறோமே அங்கே, நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற கொழுப்பு உறை கெட்டிருக்கும். இதற்கு ஒரு சொல் தாருங்கள். "வெள்ளைப் பகுதி பாதிப்பு" என்று போட்டேன். வெள்ளைபடுதலா என்று கேட்கிறார்கள்.

குன்னூரிலிருந்து:
உயிர்வளிக்குறை வெண்பொருணலிவு. உயிர்வளி என்றால் ஆக்சிஜன். பொருள் + நலிவு: ளகரம் கெட, நகரம் ணகரமாயிற்று, அருள்நந்தி அருணந்தி ஆனதைப்போல. மெல்லத் தேய்வது என்ற குறிப்பும் நலிவில் வந்துவிடும்.

கூடலூரிலிருந்து:
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் அதைப் படிக்கிற செவிலியருக்கு மூச்சு வாங்கும். வளி என்றால் சித்த மருத்துவத்தில் வாதம். "வளிமுதலா எண்ணிய மூன்று" குறளிலேயே இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு ஆக்சிஜன் பாட்டிக்கும் தெரிந்த சொல், அதுவே இருக்கட்டும்.

நலிவும் எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. 32 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைக்கு, மயலினைப் பின்னால் உண்டாக்கவேண்டிய இளம் செல்கள் ஆக்சிஜன் குறைவைத் தாங்குவதில்லை. அங்கே உறை தேயவில்லை, உருவாவதே தடைப்படுகிறது. சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் அரிவாள் செல் நோயுள்ள எங்கள் பழங்குடிப் பிள்ளைகளுக்கோ, மூளையில் வெளியே தெரியாத சிறு ரத்தக்குழாய் அடைப்புகளின் பாதிப்பு பெரும்பாலும் வெண்பொருளில்தான். 1952-லேயே நீலகிரிப் பழங்குடியினரிடம் அந்த ரத்தக்கூறு இருப்பதாக எழுதிவிட்டார்கள். நமக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை.

குன்னூரிலிருந்து:
வளி காற்றுதான், டாக்டர். நெடுநல்வாடையில் "தென்வளி" வருகிறது. அதே இடத்தில் கதவைத் தாழிட்டுத் "தடவில்" நெருப்புக் காய்கிறார்கள். கும்முட்டியை விட்டுவிட்டுத் தடவு என்று எழுதலாமே?

ஊட்டியிலிருந்து:
தடவு என்றால் தைலம் தடவச் சொல்வதாக நினைப்பார்கள், ஐயா. எங்கள் வீட்டில் குமுட்டி. சிலர் கணப்பு என்கிறார்கள். அப்புறம், கார்பன் மோனாக்சைடில் "குறை" சரிதானா? அறையில் ஆக்சிஜன் இருந்தாலும் ரத்தம் அதைச் சுமக்க முடியவில்லை. "ஆக்சிஜன் கிடைக்காமை" என்பதே நேர்.

கோத்தகிரியிலிருந்து:
கிடைக்காமை நீளம். தலைப்பில் நாலு சொல்லுக்குத்தான் இடம். "ஆக்சிஜன் குறைவால் வெண்பொருள் சிதைவு" என்று அனுப்பிவிடுகிறேன். கூடலூர் டாக்டருக்குச் சம்மதம், ஊட்டியும் தனிமடலில் அரைமனதாகச் சரி என்றார். அடுப்புக்குக் கும்முட்டிதான்.

குன்னூரிலிருந்து:
வெண்பொருட்சிதைவு என்று சேர்த்தாவது எழுதுங்கள், அம்மா. எனக்கு இன்னும் உடன்பாடில்லை. வெள்ளை என்றால் வெள்ளைபடுதலாகப் படிக்கிறவர்கள், சிதைவு என்றால் கருச்சிதைவாகப் படிக்கமாட்டார்களா?