ஈஸ்டருக்கு ஹார்டாங்கர்விட்டா: எந்த ஸ்கீ, எந்தப் பைண்டிங், மெழுகா தோலா?

ஸ்கீத்தடம்

வணக்கம். வரும் ஈஸ்டர் விடுமுறைக்கு நானும் மனைவியும் நோர்வேயின் ஹார்டாங்கர்விட்டா மலைமேட்டுக்கு (சுருக்கமாக விட்டா) ரெயினில் போய் ஃபின்சேயில் இறங்கி, குடில் குடிலாக நாலு நாள் போகலாம் என்று நினைக்கிறோம்: ஃபின்சே, கெல்டெபூ, கிரெக்யா, திரும்ப ஃபின்சே. இரண்டு பேருக்கும் ஒஸ்லோவை அடுத்த நூர்மார்க்கா காட்டில் தடம் போட்ட பாதையில் ஓடிப் பழக்கம். மலைக்கு இதுதான் முதல் தடவை.

கையில் இருப்பது சாதாரண என்என்என் வகைப் பைண்டிங் (சப்பாத்தை ஸ்கீயோடு பூட்டும் பொறி) உள்ள மெல்லிய ஸ்கீயும் அதற்கான சப்பாத்தும். எனக்கு 174 செ.மீ., 78 கிலோ. மனைவிக்கு 160 செ.மீ., 58 கிலோ. பை ஆளுக்கு 10 முதல் 12 கிலோ வரும். இந்தச் சப்பாத்தையே ஃபியெல்ஸ்கீக்கும், அதாவது மலை ஸ்கீக்கும், போடலாமா? ஸ்கீ என்ன அகலம், என்ன நீளம்? பிடிப்புக்கு மெழுகு பூசுவதா, தோல் (ஸ்கீயின் அடியில் பூட்டும் மயிர்ப் பட்டை) ஒட்டுவதா? விவரமாகச் சொன்னால் பெரிய உதவி.

வெள்ளைமலை

தம்பி, இந்தச் சப்பாத்து சரிவராது. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் என்என்என் வேறு, என்என்என்-பிசி வேறு. பிசி சப்பாத்தின் நுனியில் இருக்கும் கம்பி தடிப்பும் அகலமும் கூடியது. ஒன்றின் சப்பாத்து மற்றதில் பூட்டாது. தடத்துச் சப்பாத்தின் அடி முறுகக்கூடியது என்பதால், அகலமான ஸ்கீயைச் சரிவில் ஒரு விளிம்பில் நிறுத்தி வைக்கவும் அதனால் முடியாது.

ஸ்கீக்கு முழு நீளத்துக்கும் உருக்கு விளிம்பு வேண்டும். ஈஸ்டர் நேரம் விட்டாவில் காலைப்பனி பெரும்பாலும் காற்று அடித்து இறுக்கியதாக இருக்கும், இல்லையென்றால் பகலில் உருகி இரவில் உறைந்த ஸ்காரே. விளிம்பில்லாத ஸ்கீ குறுக்குச் சரிவில் பக்கவாட்டாக வழுக்கிக்கொண்டே இறங்கும். பாரத்தோடு அதைப் பிடித்து நிறுத்துவதிலேயே உங்கள் பலம் போய்விடும். நடு அகலம் 54 முதல் 60 மி.மீ. போதும். அதற்கு மேல் அகலம் ஆழமான புதுப்பனிக்கும் நீண்ட இறக்கங்களுக்கும் நல்லது. நீங்கள் போகும் வழியில் ஏரியும் மெல்லிய ஏற்ற இறக்கமும்தான் கூட. ஓஸ்னெஸ் கம்பெனியின் காம்மெ 54 ஸ்கீ இந்த வகைக்கு நல்ல அளவுகோல். பெயரில் இருக்கும் 54 அதன் நடு அகலம்.

நீளம் உங்களுக்கு 200 செ.மீ. பக்கம், மனைவிக்கு 180 முதல் 185. ஆனால் ஸ்கீயைத் தெரிவது உயரத்தை வைத்து அல்ல, எடையை வைத்து. கடையில் 78 கிலோ என்று சொல்லாதீர்கள், பையோடு 90 என்று சொல்லுங்கள். முடிந்தால் பையில் 10 கிலோ சாமான் போட்டு அதையும் கடைக்குக் கொண்டுபோங்கள். மட்டமான கடினத் தரையில் சோடி ஸ்கீயை வைத்து, பையோடு இரண்டு காலிலும் சமமாக நிற்க வேண்டும். பாதத்துக்கு நேர் கீழே ஒரு கடதாசியை இன்னொருவர் இழுத்துப் பார்க்கட்டும். அது லேசாக அசைய வேண்டும். பிறகு முழுப் பாரத்தையும் ஒரு காலில் போடுங்கள். இப்போது கடதாசி இறுகி நிற்க வேண்டும். அப்போதும் வழுக்கி வருகிறது என்றால் ஸ்கீ உங்களுக்கு மிகவும் விறைப்பு. ஏற்றத்தில் மெழுகு பனியைத் தொடவே தொடாது. இரண்டு காலில் நிற்கும்போதே இறுகுகிறது என்றால் தளர்வு. மெழுகு எந்நேரமும் உரசி, மத்தியானத்துக்குள் தேய்ந்துவிடும்.

பைண்டிங்கில் பிசி எடுப்பதானால் கையால் திறந்து மூடும் வகையை எடுங்கள். மிதித்தால் தானே பூட்டும் வகை வீட்டு வாசலில் வசதிதான். மலையில் அதன் பொறிக்குள் பனி புகுந்து உறைந்தால் பூட்டாது, அல்லது பூட்டியது போலக் காட்டும். ஆபத்து அந்த இரண்டாவதில்தான். சப்பாத்தின் கம்பிக்குப் பின்னால் உள்ள குழியில் பனி அப்பிப் பனிக்கட்டியாகிவிடும், கம்பி முழுதாக உள்ளே உட்காராது. மூடி மூடிவிடும், முதல் இறக்கத்தில் கால் கழன்றுவிடும். ஆகவே ஒவ்வொரு தடவையும் பூட்டியபின் சப்பாத்தின் நுனியை மேலே இழுத்துப் பாருங்கள், அதன்பின் குதியைத் தூக்கிப் பாருங்கள். குழியைச் சுரண்ட ஒரு சின்னத் திருப்புளி இடுப்புப் பையிலேயே இருக்கட்டும். சுடுதண்ணி ஊற்றி உருக்க வேண்டாம். ஐந்து நிமிடத்தில் முன்னதைவிடக் கெட்டியாக உறைந்து நிற்கும்.

ஊன்றுகோல் அக்குள் உயரம், அல்லது அதைவிடச் சற்றுக் கூட. அடித்தட்டு பெரிதாக இருக்க வேண்டும், தடத்துக் கோலின் சின்னத் தட்டு புதுப்பனியில் முழங்கால் அளவு இறங்கிவிடும்.

ஆணிவேர்

வெள்ளைமலை அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். புதிதாக வாங்குவதானால் ரொட்டெஃபெல்லா கம்பெனியின் எக்ஸ்ப்ளோர் பைண்டிங் முறையையும் பாருங்கள், 2021இல் வந்தது. கம்பிக்குப் பதில் சப்பாத்தின் இரு பக்கமும் உள்வாங்கும் ஊசிகள், அதனால் பனி அப்பும் குழி இல்லை. முன்னால் இருக்கும் ரப்பர் இரண்டு விறைப்பில் கிடைக்கும், மாற்றலாம். சப்பாத்தும் சேர்த்து மாற்ற வேண்டும், பிசி சப்பாத்து இதில் சேராது.

பழைய 75 மி.மீ. மூன்று முள் பைண்டிங்கையும் தள்ளிவிடாதீர்கள். உறைந்தால் விரலால் தட்டிவிடலாம், முறிந்தால் கம்பியால் கட்டிவிடலாம். இடது வலது வேறு வேறு என்பதைப் பூட்டும்போது கவனியுங்கள். இரவலாகவோ இரண்டாம் கையாகவோ வாங்கினால் சப்பாத்து நுனியின் மூன்று ஓட்டையையும் பாருங்கள். ஓட்டை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சப்பாத்தோடு மலைக்குப் போக வேண்டாம்.

தக்கைக்காரி

மெழுகா தோலா என்றால் இரண்டும். ஆளுக்கு ஒரு சோடி கோர்ட்ஃபெல், அதாவது குட்டைத் தோல், பையில் இருக்கட்டும், மெழுகு ஸ்கீயில் இருக்கட்டும். தோலோடு நாள் முழுக்கப் போனால் மட்டமான ஏரியில்கூட ஒவ்வோர் அடியும் நடைதான், வழுக்கல் வராது. மெழுகு மட்டும் என்றால் நீண்ட ஏற்றத்திலும் ஸ்காரேயிலும் பின்வாங்கி வாங்கிச் சோர்ந்துபோவீர்கள்.

மெழுகை வீட்டிலேயே தொடங்குங்கள். பிடிப்புப் பகுதியை, அதாவது குதியில் இருந்து முன்னால் 60 முதல் 70 செ.மீ. வரை, 100ஆம் இலக்க அரத்தாளால் நீளவாக்கில் உரசி லேசான சொரசொரப்பு எடுக்க வேண்டும். அதில் குருண்வொக்ஸ் எனும் அடிமெழுகை மெல்லிசாகப் பூசி, இஸ்திரிப் பெட்டியால் ஒரு தடவை ஓட்டி ஆறவிடுங்கள். இந்த அடி இல்லாவிட்டால் ஸ்காரே அரைநாளில் மேல் மெழுகை உரித்துவிடும். முன்பகுதிக்கும் வால்பகுதிக்கும் வழுக்கு மெழுகு.

மலையில் அன்றாடம் சுவிக்ஸ் வி40 நீல எக்ஸ்ட்ரா ஒன்றே பெரும்பாலும் காணும். புதுப்பனிக்கு −1 முதல் −7 பாகை வரை அதன் எல்லை. தடிப்பாக ஒரே பூச்சாகப் பூசுவதுதான் புதியவர்கள் விடும் பிழை. தடித்த பூச்சில் பனி ஒட்டிக்கொண்டு ஸ்கீக்கு அடியில் கட்டி கட்டியாகத் தூக்கும். குளிர்ந்த ஸ்கீயில், மெழுகுக் கட்டியைக் கிரேயோன் போல லேசாக உரசி, தக்கையால் பளபளப்பு வரும்வரை தேயுங்கள். அதன்மேல் அடுத்த பூச்சு. நாலு முதல் ஆறு பூச்சு. குடிலின் சூட்டில் இருந்து எடுத்த ஸ்கீயை வெளியே கால் மணி நேரம் நிறுத்திவிட்டுத்தான் பனியில் வையுங்கள்.

பின்னால் வழுக்கினால் முதலில் அதே மெழுகை இன்னும் இரண்டு பூச்சு. காணாவிட்டால் பூச்சை முன்பக்கமாக ஒரு சாண் நீட்டுங்கள். அதுவும் காணாவிட்டால்தான் அடுத்த மென்மையான நிறம், ஊதா. மென்மெழுகை வன்மெழுகின் மேல் பூசலாம், வன்மெழுகு மென்மெழுகின் மேல் ஒட்டாது. ஆகவே குளிர்ந்த காலையில் ஊதாவில் தொடங்கிவிட்டால் நீலத்துக்குத் திரும்ப முழுவதையும் சுரண்டத்தான் வேண்டும். ஒரு பிளாஸ்டிக் சுரண்டியை மெழுகோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

கிளிஸ்டர் எனும் பசைமெழுகு வேண்டாம் என்பது என் முடிவு. ஸ்காரேக்கு அதுபோலப் பிடிப்பது வேறில்லைத்தான். ஆனால் குழாயில் வரும் அந்தப் பசை கையுறை, பை, தோல் என்று எல்லாவற்றிலும் ஏறும், மத்தியானம் மேலே புதுப்பனி விழுந்தால் கட்டி பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கோர்ட்ஃபெல் போட்டுவிடுங்கள்.

தோலின் அகலம் உங்கள் பாரத்துக்கு 30 அல்லது 45 மி.மீ. 30 நன்றாக ஓடும், 45 நன்றாக ஏறும். மொஹேர் எனும் ஆட்டு மயிர் வழுக்கும், நைலோன் பிடிக்கும், நெடுநாள் வரும். முதல் தடவைக்குக் கலப்பு அல்லது நைலோன் 45. ஸ்கீ வாங்கும் அதே கடையில் தோலைப் பூட்டிப் பாருங்கள், ஏனென்றால் ஓஸ்னெஸின் பூட்டு ஒரு மாதிரி, ஃபிஷரின் பூட்டு வேறு மாதிரி. பசை உள்ள தோலானால் மெழுகைச் சுரண்டிவிட்டு, அடியைத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். மெழுகு பசையில் ஏறினால் பசை செத்துவிடும். கழற்றிய தோலை மடித்து ஜக்கற்றுக்குள், வயிற்றோடு வையுங்கள். வெளிப்பையில் வைத்து உறைந்த தோல் திரும்ப ஒட்டாது. ஈரப்பனியில் நனைந்த தோலோடு நிழல்பக்கக் குளிர்ப்பனிக்குள் போனால் மயிரில் கட்டி பிடிக்கும். அதற்குப் புறப்படும் முன்பே வழுக்கு மெழுகுக் கட்டியை மயிர் படியும் திசையில் அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

ஸ்கீத்தடம்

மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. அக்கா சொன்னபடி இரண்டும் எடுக்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். மனைவிக்குத் தடத்துச் சப்பாத்திலேயே குதியில் கொப்பளம் போடும். புதுச் சப்பாத்தை எப்படித் தெரிவது? மற்றது, குடிலில் இருந்து குடிலுக்குத்தானே போகிறோம், சவளும் வின்ட்செக்கும் (புயலில் உள்ளே ஒதுங்கும் காற்றுத் தடுப்புப் பை) உண்மையில் தேவையா? இரண்டும் சேர்த்து 2 கிலோ தாண்டும் போல் இருக்கிறது.

வெள்ளைமலை

சப்பாத்தைப் பின்னேரம் போய்ப் போட்டுப் பாருங்கள், கால் சற்று வீங்கியிருக்கும். உள்ளே ஒரு மெல்லிய காலுறை, அதன்மேல் தடித்த கம்பளிக் காலுறை. பாதத்தை முன்னால் தள்ளி நின்றால் குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு முழங்காலை மடித்துக் குதியை நன்றாகத் தூக்குங்கள். சப்பாத்து மடியும் இடம் பெருவிரல் மூட்டின் மேல் அழுத்தினால் அது அவருடைய சப்பாத்து அல்ல, எவ்வளவு நல்ல விலையானாலும் விட்டுவிடுங்கள். இறுக்கமான சப்பாத்துக்குள் இரத்தம் ஓடாது, கால் விறைப்பதற்குக் குளிரைவிட அதுதான் முதல் காரணம்.

கொப்பளத்துக்குக் காலையிலேயே, தோல் காய்ந்திருக்கும்போது, குதியில் விளையாட்டு ஒட்டுநாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டிவிடுங்கள். உரசத் தொடங்கியபின் ஒட்டினால் பிடிக்காது. நாலு நாளும் இரவில் கழற்றாமல் விடலாம். குடிலில் உள்ளடியைக் கழற்றி, சப்பாத்தை உலர்த்தும் அறையில் வையுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அடியின் பசை இளகி, அடுத்த நாள் வழியில் வாய் பிளக்கும்.

குளிர்காற்று

சவளும் வின்ட்செக்கும் தேவை. அந்த எடையைக் குறைக்க வேறு எதையாவது விடுங்கள்.

அடுத்த குடிலுக்கு 20 கிலோமீற்றர் அளவு. விட்டாவில் மரமே கிடையாது, காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. காற்று எழும்பிப் பனியை வாரி அடித்தால் முன்னால் போகிறவரின் பை மட்டும்தான் தெரியும். பருவத்தில் டிஎன்டி எனும் நோர்வே மலைநடைச் சங்கம் பிர்ச் மரக் கிளைகளை நட்டு வழி குறித்திருக்கும். ஒரு கிளையில் நின்றபடி அடுத்த கிளை தெரியாவிட்டால் அங்கேயே ஒருவர் நிற்க, மற்றவர் தேட வேண்டும், இருவரும் சேர்ந்து கிளையை விட்டு விலகக் கூடாது. 1:50 000 வரைபடமும் திசைகாட்டியும் கழுத்தில் இருக்கட்டும், பையில் அல்ல. போன் உள்சட்டைப் பையில் கிடக்கட்டும், குளிரில் பற்றரி சட்டென்று இறங்கும். எல்லா இடத்திலும் சிக்னல் வரும் என்று நம்ப வேண்டாம்.

வின்ட்செக் இரண்டு பேருக்கான ஒன்றே போதும், தனித்தனி வேண்டாம். இரண்டு உடம்பின் சூடும் ஒரே பைக்குள் இருப்பதுதான் அதன் பலன். பையின் மேல்தட்டில் வையுங்கள். விரிக்கும் முன் அதன் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காற்று ஒரே இழுவையில் கொண்டுபோய்விடும். காற்றுக்கு முதுகு காட்டி, முதுகுப் பையின்மேல் சின்ன இருக்கைப் பாய் போட்டு உட்கார்ந்து, தலைக்கு மேலால் இழுத்து விடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கே இதை எடுத்துப் பழகுங்கள். முதல் தடவையாகப் புயலுக்குள் விரிப்பது கஷ்டம்.

சவள் அலுமினியத் தகடாக, ஆளுக்கு ஒன்று. பிளாஸ்டிக் சவள் ஸ்காரேயில் துள்ளும் அல்லது வெடிக்கும். காற்றுக்கு மறைவான பக்கத்தில் காற்று குவித்த பனித்திட்டில் வெட்டுங்கள், திறந்த வெளியில் குழி தோண்டினால் அது நிரம்பிக்கொண்டே வரும். ஒருவர் வெட்ட மற்றவர் அள்ளுங்கள். வேர்க்கும் முன் மேலுடுப்பைக் கழற்றி, நிறுத்தியதும் உடனே தடித்த ஜக்கற்றைப் போட்டுவிடுங்கள். தோண்ட முடிவெடுப்பது உடம்பில் பலம் இருக்கும்போதே.

உடுப்பில் பருத்தி ஒரு துண்டும் வேண்டாம். உள்ளே கம்பளி, வெளியே அனொறாக் எனும் நீண்ட காற்றுத் தடுப்பு மேற்சட்டை. கையுறை கம்பளி, அதன்மேல் காற்றுப் புகாத உறை, இரண்டும் மணிக்கட்டுக் கயிற்றோடு, மேலதிகமாக ஒரு சோடி. ஸ்கீக் கண்ணாடியில் செம்மஞ்சள் வில்லை எடுங்கள், மூட்டமான நாளில் பனியின் மேடு பள்ளம் அதில்தான் ஓரளவு பிரிந்து தெரியும். சுடுதண்ணிப் போத்தல் ஆளுக்கு 1 லீற்றர்.

புறப்படும் காலையில் வர்சொம் தளத்தில் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 30 பாகைக்கு மேற்பட்ட சரிவின் கீழால்கூடப் போக வேண்டாம், மேலிருந்து வருவது கீழேதான் ஓடி நிற்கும். மின்சாரத்துக்காக நீர்மட்டம் ஏற்றி இறக்கும் ஏரிகளில் கரையோரப் பனிக்கட்டிக்கு அடியில் வெற்றிடம் இருக்கும். கிளை நட்ட வழியை விட்டு ஏரியில் குறுக்கே வெட்ட வேண்டாம்.

ஆணிவேர்

திருத்தச் சாமான் விடுபட்டுவிட்டது. இருவருக்கும் ஒரே ஒரு பொட்டலம், அரைக் கிலோவுக்குள்: பொசிட்ரைவ் 3 முனைத் திருப்புளி, பைண்டிங் ஆணி நாலு, கோலின் அடித்தட்டு ஒன்று, 2 மி.மீ. இரும்புக் கம்பி ஒரு மீற்றர், கோல் முறிந்தால் சுற்ற 15 செ.மீ. அலுமினியக் குழாய்த் துண்டு, அதை இறுக்க இரண்டு ஹோஸ் கிளிப், ரப்பர் வார் மூன்று. துணி ஒட்டுநாடாவைத் தனியாகக் கொண்டுபோக வேண்டாம், கோலிலேயே இரண்டு மீற்றர் சுற்றி வையுங்கள்.

அதிகம் நடப்பது பைண்டிங் ஆணி கழலுவது. ஆணியின் தலை சிலுவை போலத் தெரியும், ஆனால் அது பிலிப்ஸ் அல்ல, பொசிட்ரைவ். பிலிப்ஸ் முனையைப் போட்டுத் திருகினால் தலை வழுகிப்போகும், பிறகு எந்தத் திருப்புளியும் பிடிக்காது. ஓட்டை தளர்ந்திருந்தால் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரில் சிறு திரி முறுக்கி உள்ளே விட்டு ஆணியை இறுக்குங்கள். நார் இல்லாவிட்டால் தீக்குச்சியின் மரத்துண்டு. அது குடில்வரை தாங்கும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, நாரோடு எப்பொக்சி வைத்து ஒரு நாள் காயவிட்டுத் திரும்பப் பூட்டுங்கள்.

ஃபின்சேக்குக் கார் வரும் வீதி இல்லை, ரெயின் மட்டும்தான். அதனால் வாங்கிய பைண்டிங்கின் எல்லா ஆணியையும் ஒஸ்லோவில் வீட்டு மேசையிலேயே ஒரு தடவை அதே திருப்புளியால் இறுக்கிப் பாருங்கள். குடிலில் விரிக்க ஆளுக்கு ஒரு லாக்கென்போசெ (உள்ளே படுக்கும் துணிப்பை) எடுக்கவும் மறக்க வேண்டாம், போர்வை அங்கே இருக்கும்.