பைபர் மேட்டுக்கு டம்பிங் வரி: வியாபாரி சொல்வது சரியா?

கேள்வி (மண்டபம் படகுப் பட்டறை):
வள்ளம் கட்ட சீனத்து 450 கிராம் (சதுர மீட்டருக்கு) கண்ணாடி இழை மேட் வாங்குகிறோம். டம்பிங் வரி என்று வியாபாரி கிலோ விலையை ஏற்றிவிட்டார். பில்லில் அந்த வரியே இல்லை. எதைக் கேட்டுச் சரிபார்ப்பது?

பதில் 1:
பில்லில் தனியாக வராது அண்ணே. வெளிநாட்டுச் சரக்கு அடிமாட்டு விலைக்கு வந்து உள்நாட்டு ஆலைகளைக் கெடுக்காமல் இருக்கப் போடும் கூடுதல் வரி அது; துறைமுகத்தில் இறக்குமதியாளர் கட்டுவது. ஜிஎஸ்டி போல வரவு எடுக்க முடியாததால் விலைக்குள் போய்விடும். பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதியாளர் சுங்கத்தில் கொடுக்கும் படிவம்) நகல் கேளுங்க. 7019 தலைப்பு (கண்ணாடி இழைக்கான சுங்கக் குறியீடு), பிறந்த நாடு, உற்பத்தி செய்த ஆலை, வரி போட்ட அரசு அறிவிக்கையின் எண் இருக்கும். ஒரே நாட்டுச் சரக்குக்கும் ஆலைக்கு ஆலை விகிதம் மாறலாம். அறிவிக்கைத் தேதியை விடாதீங்க: மறுஆய்வில் நீட்டாவிட்டால் 5 வருடத்தில் வரி செத்துவிடும். செத்த வரியைச் சொல்லி விலை ஏற்றினால் யாருக்குத் தெரியும்?

பதில் 2:
இந்த வரி வேணுமா என்று விசாரிப்பது டெல்லியில் உள்ள டிஜிடிஆர் (வணிகத் தீர்வுகள் தலைமை இயக்ககம்). அது பரிந்துரைதான் செய்யும், வரி போடுவது நிதி அமைச்சகம். வரி கேட்டுப் போடும் மனுவை ஆதரிக்கும் உள்நாட்டு ஆலைகள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 25 சதவீதமாவது இருக்கணும். விசாரணையில் உங்களைப் போலப் பயன்படுத்துவோரும் கேள்விப்படிவம் நிரப்பலாம். தனிப் பட்டறை எழுதுவதைவிட சங்கமாக, ஒரு படகுக்கு எத்தனை கிலோ மேட், செலவில் எத்தனை பங்கு என்று கணக்கோடு எழுதுங்க. வெறும் புலம்பல் எடுபடாது.

பதில் 3:
சந்தையைவிட ரொம்ப மலிவாக, வேறு நாட்டுப் பெயரில் வரும் மேட்டிலும் கவனம். வரியைத் தப்பிக்கச் சுற்றிவிட்ட சரக்காக இருக்கலாம். பிறப்பிடச் சான்று கேளுங்க. ஈரம் பட்ட ரோல் என்றால் ரெசின் ஊறாது, வெள்ளைத் திட்டு நிற்கும்.