சான்றிதழ் சர்வர் திணறுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகள், கடைகள் என்று பலருக்கும் வெப்சைட் நடத்தித் தருகிறோம். எல்லா டொமைனுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் (இலவசமாக HTTPS சான்றிதழ் தரும் அமைப்பு) சான்றிதழ், ஆயுள் 90 நாள். ராத்திரி 2 மணிக்கு ஒரே கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை) எல்லாவற்றையும் புதுப்பிக்கக் கிளம்பும், டேட்டாபேஸ் படுத்துவிடும்.

சரி என்று இரண்டாவது சர்வர் போட்டேன். அங்கேதான் வினை. டொமைன் நம்முடையதுதானா என்று லெட்ஸ் என்கிரிப்ட் வந்து பார்க்கும் சோதனைக் கோப்பு முதல் சர்வரில் இருக்கும், கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துவிடும் லோட் பேலன்சரோ அந்தக் கோரிக்கையை இரண்டாவதுக்கு அனுப்பும். 404, கோப்பு இல்லை. திரும்பத் திரும்ப முயன்றதில், ஒரு டொமைனுக்கு மணிக்கு 5 தோல்வி என்ற லெட்ஸ் என்கிரிப்டின் வரம்பிலும் மாட்டிக்கொண்டேன்.

சோதனைக் கோப்புக்கான டோக்கனை ரெடிஸில் (இரண்டு சர்வரும் படிக்கக்கூடிய வேகமான சேமிப்பு) பொதுவாக வைப்பதா, கோப்புக்குப் பதில் டொமைனின் டிஎன்எஸ் பதிவில் குறியீடு போட்டு நிரூபிக்கும் டிஎன்எஸ் வழிச் சோதனைக்கு மாறுவதா? (வாடிக்கையாளர்களிடம் டிஎன்எஸ் பாஸ்வேர்டு கேட்டால், "பெங்களூர்ல இருக்கிற பையனுக்குத்தான் தெரியும்" என்கிறார்கள்.) புதுப்பிப்பு வரிசைக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஸ்கிப் லாக்டு (வேறொரு வேலை பூட்டி வைத்ததை விட்டு அடுத்ததை எடுக்கும் வசதி) தாங்குமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை மாற்றியாக வேண்டும்.